எத்தனை வாரம்?

குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் ஊசியின் விலை சில ரூபாய்தான். அதை யாருக்கு, எப்போது போடுவது என்று சொல்லும் கணக்குதான் பல கர்ப்பிணிகளிடம் இல்லை.

வட இந்தியாவின் எந்த மாவட்ட ஆஸ்பத்திரியிலும் நள்ளிரவுக்குப் பிறகு இந்தக் காட்சியைப் பார்க்கலாம். 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்குகிறாள். பின்னால் துணி மூட்டையோடு மாமியார், அவருக்கும் பின்னால் கிராமத்து ஆஷா பணியாளர். டியூட்டி நர்ஸின் முதல் கேள்வி, எத்தனை மாதம் என்பது. பெண் மாமியாரைப் பார்க்கிறாள். ஹோலி முடிந்து கொஞ்ச நாளில் நின்றுபோனது என்கிறார் மாமியார். ஆஷா விரல்விட்டு எண்ணுகிறார். இருவர் கணக்கும் ஒத்துப்போவதில்லை. நர்ஸ் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் ‘32 வாரம்’ என்று எழுதுகிறார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறார்.

அடுத்து நடக்கப்போவது அனைத்தும் அந்தக் கேள்விக்குறியைப் பொறுத்தது. உண்மையிலேயே 32 வாரம் என்றால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஊசி போட வேண்டும். வலியை மருந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் நடக்க வேண்டும். 36 வாரம் என்றால் இதெல்லாம் தேவைப்படாது, இங்கேயே பிரசவம் பார்த்துவிடலாம். 32 என்று நினைத்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட பெண் வழியிலேயே ஆம்புலன்ஸில் நிறைமாதக் குழந்தையைப் பெறுவதுண்டு. 36 என்று நினைத்து நிறுத்திக்கொள்ளப்பட்ட பெண்ணுக்கு ஒண்ணேகால் கிலோவில், அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை பிறப்பதும் உண்டு.

கர்ப்பத்தின் முழுக் காலம் 40 வாரம். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படி அவசரப்பட்டுப் பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனம் பங்கேற்ற ஆய்வின் மதிப்பீடு. அதில் 30 லட்சம் இந்தியாவில். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கும் மேல். எந்த நாட்டிலும் எண்ணிக்கை இவ்வளவு இல்லை. இந்தியாவில் பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணமும் இதுதான்.

ஏன் முன்கூட்டியே வலி வருகிறது? பாதிக்குப் பாதி சமயங்களில் டாக்டர்களுக்கே தெரிவதில்லை. சிறுநீர்ப் பாதையிலோ கர்ப்பப்பையிலோ தொற்று, இரட்டைக் குழந்தை, பனிக்குடம் முன்பே உடைந்துபோவது, ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் போதிய இடைவெளி இல்லாதது, மிக இளம் வயதுக் கர்ப்பம் எனப் பட்டியல் நீளும். இந்தியாவில் இதோடு ரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

இன்னொரு வகையில், குழந்தையை முன்கூட்டியே வெளியே எடுக்கும் முடிவை டாக்டரே எடுக்கிறார். 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும் கர்ப்பிணிகளின் கதை இது. கால் வீக்கத்தைக் கர்ப்பத்தில் சகஜம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்றில் வலி என்று வந்த பிறகு வலிப்புக்கு அதிக தூரமில்லை. வலிப்பு வந்தால் தாய் உயிரே போகலாம். மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2002இல் இதை உறுதி செய்தது. ஆனால் நோய் தீர ஒரே வழி பிரசவம்தான். இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா, இன்றே எடுத்துவிட வேண்டுமா என்று முடிவு செய்யும்போதும் டாக்டர் தேடுவது அதே கணக்கைத்தான். எத்தனை வாரம்?

அந்த நுரையீரல் ஊசியின் வரலாறு நியூசிலாந்தின் ஆட்டுக்குட்டிகளில் தொடங்குகிறது. ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு நிபுணர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று கண்டறியச் சினை ஆடுகளில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த பிறகு, பிழைக்கவே கூடாத பருவத்தில் பிறந்த ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்க, சோப்பு நுரையைப் போன்ற ஒரு பொருள் வேண்டும். அது கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கும். ஸ்டீராய்டு அதை முன்கூட்டியே சுரக்க வைத்துவிட்டது. ரோஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து லிகின்ஸ் பெண்களிடம் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது.

மருத்துவ உலகம் அதை உடனே வாரி அணைத்துக்கொண்டது என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இந்த ஊசியைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994இல்தான். இடையில் 22 ஆண்டுகள். ஆய்வு முடிவுகளைத் திரட்டித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் வட்டத்துக்குள் சில கோடுகள் இருக்கும். அவை இந்த ஊசியைப் பற்றிய ஏழு ஆய்வுகளின் முடிவுகள். தகவல் கையிலிருந்தும் பயன்படுத்தாமல் விட்டதன் ஞாபகச் சின்னம்.

இந்தியா 2014இல் துணிந்து ஓர் அடி எடுத்துவைத்தது. 24 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் வலி எடுத்துவரும் பெண்ணுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே, கிராமத் துணை சுகாதார நிலைய நர்ஸும் டெக்ஸாமெதசோன் ஊசியின் முதல் டோஸைப் போடலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. 12 மணி நேர இடைவெளியில் 6 மில்லிகிராம் வீதம் நான்கு முறை. மருந்து மலிவு, சாதாரண மருந்துக் கடையில் கிடைப்பது, குளிர்பெட்டி தேவையில்லை. ஏழை நாட்டுக்கென்றே செய்ததுபோல ஒரு மருந்து.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஒரு குண்டு வெடித்தது. கர்நாடகத்தின் பெலகாவியும் மகாராஷ்டிரத்தின் நாகபுரியும் உட்பட ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு அது. கிராமம்வரை இந்த ஊசியைக் கொண்டுபோன இடங்களில் மிகச் சிறிய குழந்தைகளின் சாவு குறையவில்லை. மொத்தக் கணக்கில் ஆயிரம் பிறப்புகளுக்கு மூன்று நான்கு சாவுகள் கூடவே நடந்திருந்தன. ஊசி போடப்பட்ட தாய்மார்களிடம் தொற்றின் அறிகுறிகளும் அதிகம்.

உயிர் காக்கும் மருந்து எப்படி உயிரை எடுத்தது? விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் மிகச் சிறிய குழந்தை பெறவே இல்லை. நாள் கணக்கு சரியாகத் தெரியாததால், தேவையே இல்லாத நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போயிருக்கிறது. தேவைப்பட்ட குழந்தைகளோ, பிறந்த பிறகு மூச்சுக்கும் தொற்றுக்கும் கவனிப்பு இல்லாத இடங்களில் பிறந்தன.

சந்தேகத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் மறுபடி ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் 29 ஆஸ்பத்திரிகளில் 2,852 பெண்கள். இந்த முறை இரண்டு நிபந்தனைகள். ஸ்கேன் மூலம் வாரக் கணக்கை உறுதி செய்ய வேண்டும், குழந்தையைக் கவனிக்க ஆஸ்பத்திரியில் வசதி இருக்க வேண்டும். ஊசி பெறாத பிரிவில் நூற்றுக்கு 23.5 குழந்தைகள் 28 நாட்களுக்குள் இறந்தன, ஊசி பெற்ற பிரிவில் 19.6. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2020இல் வெளியான கணக்கு: 25 பெண்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது.

ஒரே மருந்து, ஒரே அளவு. நடுவில் மாறியவை வாரக் கணக்கும் வார்டும்தான்.

வாரத்தைக் கணக்கிடுவது அப்படியென்ன பிரம்ம வித்தையா என்று நகரத்துப் படித்த பெண் கேட்கலாம். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளோடு 280 நாளைக் கூட்டினால் முடிந்தது. ஆனால் அந்த முதல் நாள் நினைவிருக்க வேண்டும். முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மாதவிலக்கு திரும்புமுன்பே அடுத்ததைக் கருத்தரித்த பெண்ணுக்கு அப்படி ஒரு நாளே இல்லை. காலண்டர் இல்லாத வீட்டில் கர்ப்பம் பண்டிகைகளால் எண்ணப்படுகிறது. தீபாவளிக்கும் ஹோலிக்கும் நடுவே நான்கைந்து மாதம் இருக்கிறது. டாக்டருக்கோ ஒரு வாரம் பிசகினாலும் சிரமம்.

ஸ்கேன் இருக்கிறதே என்றால், அதற்கும் காலம் உண்டு. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன், கருவின் தலை முதல் பிட்டம்வரை நீளத்தை அளந்து ஒரு வாரத்துக்குள் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த வயதில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. நாள் ஆக ஆக நிலைமை மாறுகிறது. எட்டாம் மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம்வரை பிசகலாம். தாய்க்குச் சத்துக் குறைவால் குழந்தை சிறுத்திருந்தால், 36 வாரக் குழந்தையை ஸ்கேன் 32 வாரம் என்று காட்டும். நர்ஸின் கைக்கும் அதே குழப்பம்தான்.

குடும்பநல ஆய்வின்படி, முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார்கள் 70 சதவீதம். 2015-16இல் 59 சதவீதமாக இருந்ததோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆனால் பரிசோதனைக்கு வந்தவர் எல்லோருக்கும் ஸ்கேன் கிடைத்துவிடாது. மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2016இல் தொடங்கியது. உருப்படியான திட்டம். ஆனால் அது குறிவைப்பது நான்காம் மாதத்துக்கு மேற்பட்டவர்களை. வாரக் கணக்கு மிகத் துல்லியமாகக் கிடைக்கும் பருவம் அதற்குள் கடந்துவிடுகிறது. பெண் சிசுவை வயிற்றிலேயே அழிக்க ஸ்கேன் பயன்பட்டதால், 1994இல் சட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு கருவிக்கும் பதிவும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவமும் கட்டாயமாக்கினார்கள். அவசியமான சட்டம். அதை ஏமாற்றியவர்கள் நகரத்தில் ஏமாற்றிக்கொண்டே இருந்தார்கள். கிராமத்து ஏழைக் கர்ப்பிணிக்கோ கருவியும் கிட்டவில்லை, அதை இயக்கத் தெரிந்த ஆளும் கிட்டவில்லை.

தாமதமாக வரும் பெண்களுக்காக ஒரு முயற்சி நடந்துவருகிறது. தில்லியை ஒட்டிய குருகிராமின் அரசு ஆஸ்பத்திரியில் 2015 முதல் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலிருந்தே பின்தொடர்ந்து, யாருக்கு, ஏன் குறைமாதப் பிரசவம் ஆகிறது என்று பதிவு செய்கிறது ‘கர்ப்-இனி’ என்ற ஆய்வுத் திட்டம். ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இதை நடத்துகிறது. ஸ்கேன் அளவை வாரமாக மாற்ற இந்திய டாக்டர்கள் பயன்படுத்தும் சூத்திரம் 1980களில் அமெரிக்கப் பெண்களை அளந்து உருவாக்கியது. குருகிராம் பெண்களின் அளவுகளை வைத்துச் சென்னை ஐஐடி விஞ்ஞானிகள் ஃபரிதாபாத் குழுவுடன் சேர்ந்து இந்தியச் சூத்திரம் ஒன்றை 2024இல் வெளியிட்டார்கள். நான்காம் மாதத்துக்குப் பிறகு வருபவர்களுக்குப் பிழையை அது மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரியாகத் தெரிந்தால் முன்கூட்டியே தடுக்கவும் வழி பிறக்கிறது. தலைப்பிரசவப் பெண்களுக்குத் தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு நாடுகள், சுமார் 12,000 பெண்கள். பெலகாவியும் நாகபுரியும் இதிலும் உண்டு. குறைமாதப் பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக இறங்கியது. பெரிய பாய்ச்சல் இல்லை, ஆனால் இந்தியாவின் எண்ணிக்கைக்கு இது சின்ன விஷயமும் இல்லை. 6 வாரத்துக்கும் 13 வாரத்துக்கும் நடுவில் மாத்திரையைத் தொடங்கிய பெண்களிடம் கிடைத்த பலன் இது. டாக்டரைக் கேட்காமல் யாரும் இதைத் தானாக விழுங்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் மீறிக் குழந்தை பிறந்தே விட்டால்? ஸ்கேனும் இன்குபேட்டரும் இல்லாத காட்டில் என்ன செய்ய முடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில் உள்ள கட்சிரோலி பதில் வைத்திருக்கிறது. டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங் இருவரும் அமெரிக்காவில் பொது சுகாதாரம் படித்துவிட்டு வந்து 1986இல் ‘சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கிய மாவட்டம் அது. பிரசவம் வீட்டில்தான், மருத்துவச்சி கையில்தான். ஆயிரம் குழந்தை பிறந்தால் 62 குழந்தைகள் ஒரு மாதம் தாண்டுவதில்லை.

ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை படித்தவர்கள். ‘ஆரோக்கிய தூதர்’ என்று பெயர். ஊரில் யார் யார் கர்ப்பம் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும். பிரசவத்தின்போது மருத்துவச்சியோடு அவரும் இருப்பார். மூச்சு வராத குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்று அடிக்கவும், தொங்கு தராசில் எடை பார்க்கவும், சிறிய குழந்தையைத் துணிப்பைக்குள் வைத்துச் சூடு காக்கவும், தொற்று கண்டால் ஜெண்டாமைசின் ஊசி போடவும் அவருக்குப் பயிற்சி. பத்தாவதுகூடத் தாண்டாத பெண் பச்சிளங்குழந்தைக்கு ஊசி போடுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். 39 கிராமங்களில் மூன்றாம் ஆண்டில் சாவு ஆயிரத்துக்கு சுமார் 25ஆக இறங்கியது. ஒப்பிட வைத்திருந்த 47 கிராமங்களில் அது 60ஐ ஒட்டியே நின்றது. 1999 டிசம்பரில் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. முன்பு குறைமாதக் குழந்தைகளில் மூன்றில் ஒன்று இறந்தது. பிறகு பத்தில் ஒன்று.

அதே கிராமங்களின் தாய்மார்களைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கணக்கு அதிகம் பேசப்படவில்லை. வீட்டில் பிரசவமான 772 பெண்களைக் கவனித்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரசவத்தின்போதோ அதன்பிறகோ ஏதாவது ஒரு சிக்கல். சுமார் 15 சதவீதம் பேருக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டிருக்கும். குழந்தையைக் கிராமத்துப் பெண் காப்பாற்றிவிடலாம். நிற்காமல் ரத்தம் போகும் தாய்க்கு ஆஸ்பத்திரி வேண்டும், ரத்தம் வேண்டும், அங்கே கொண்டுபோக வண்டி வேண்டும்.

அந்த வண்டி இப்போது வருகிறது. 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா உதவித்தொகை, ஆஷா பணியாளர், 108 ஆம்புலன்ஸ், 2011 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசப் பிரசவம் எல்லாம் சேர்ந்து வீட்டுப் பிரசவத்தைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. 89 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான். 2001-03இல் லட்சம் பிரசவங்களுக்கு 301 தாய்மார்கள் இறந்தார்கள், 2019-21இல் 93. கட்சிரோலி முறையும் 2011இல் ஆஷாக்கள் வழியாக நாடெங்கும் போனது. பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறேழு முறை வீட்டில் பார்க்க ஆஷாவுக்கு 250 ரூபாய் நிர்ணயித்தார்கள். ஊசியை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலோ ‘ரெஃபர்’ என்ற இன்னொரு வியாதி. துணை நிலையத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து மாவட்டம், அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதுச் சீட்டு, சில சமயம் ஒரு புது வாரக் கணக்கு. முதல் இடத்திலேயே போட வேண்டிய ஊசியை அடுத்தவர் போடுவார் என்று விட்டுவிட்டால், கடைசி இடத்தில் போட்டு அது வேலை செய்ய நேரம் இருக்காது.

2003இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் முளைத்த மாவட்ட அளவிலான பச்சிளங்குழந்தைப் பிரிவு, இன்று நாடு முழுக்க இருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே குழந்தை, வெளியே வராந்தாவில் தாய் என்பது வெகுகாலம் அதன் விதி. தில்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் அந்த விதியை அசைத்தது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பாதிக் குழந்தைகளை உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே தாயின் வெற்று மார்போடு ஒட்டவைத்தார்கள். நாளில் சுமார் 17 மணி நேரம். அதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட வேண்டியிருந்தது. பழைய முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன, மார்பில் ஒட்டியிருந்தவற்றில் 12. குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புகட்டும் கிண்ணத்துக்கு வட இந்திய டாக்டர்களும் சொல்லும் பெயர் ‘பாலாடை’. ஆங்கில மருத்துவப் புத்தகத்திலும் அதே பெயர்தான். பாட்டிமார் பரணிலிருந்து எடுத்துத் தந்த சாமான்.

ஆஷாவின் பையில் கர்ப்பத்தை அறியும் ‘நிஸ்சய்’ சோதனை அட்டையும் இருக்கிறது. இரண்டு சொட்டுச் சிறுநீர் போதும். நாள் தள்ளிப்போன வாரமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டால், கடைசித் தேதி என்னவென்று அந்தப் பெண்ணுக்கு இன்னும் மறந்திருக்காது. அரசு தரும் தாய் சேய் அட்டையில் அதை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பக்கத்திலேயே பிரசவத் தேதிக்கு இன்னொரு கட்டம். நள்ளிரவில் நர்ஸ் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.